பின்சீட்டு பெல்ட் பக்கிள்: எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது

கடலூரிலிருந்து ஜிப்மருக்கு நோயாளிகளை ஏற்றிப் போய்த் திரும்பக் கூட்டி வருவதுதான் என் காருக்கு முக்கிய வேலை. மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் ஏறுகிறவர்களில் முழங்கால் தேய்ந்தவர்கள் உண்டு, பேறுகாலம் நெருங்கியவர்கள் உண்டு, விரல் மடங்காத வயசானவர்கள் உண்டு. ரெட்டிச்சாவடி, முள்ளோடை, அரியாங்குப்பம் தாண்டிக் கோரிமேடு போய்ச் சேரும் வரை அவர்கள் பின்சீட்டில்தான் இருப்பார்கள். பெல்ட் போடச் சொன்னால் முகம் சுளிப்பவர்கள் குறைவு. "அந்தக் கொக்கி எங்கப்பா இருக்கு?" என்று துழாவிப் பார்த்துவிட்டு, கிடைக்காமல், நாடாவைக் கையில் பிடித்தபடியே ஊர் வந்து சேருகிறவர்கள்தான் அதிகம்.

பின்சீட்டிலும் பெல்ட் கட்ட வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 138இல் இருக்கிறது. கட்டாவிட்டால் சட்டத்தின் 194பி பிரிவுப்படி 1,000 ரூபாய் அபராதம். 14 வயது நிரம்பாத பிள்ளை பெல்ட் இல்லாமல் உட்கார்ந்திருந்தாலும் அதே 1,000. 2022 செப்டம்பரில் டாடா சன்ஸ் கம்பெனியின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி பால்கர் அருகே நடந்த விபத்தில் இறந்தபோது, அவர் பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தார் என்பதை நாடே பேசியது. சட்டம் இருக்கிறது, பயமும் இருக்கிறது. பக்கிள், அதாவது நாடாவில் உள்ள உலோக நாக்கைச் செருகிப் பூட்டும் அந்தக் கொக்கி, கைக்கு வசப்படவில்லை என்றால் இரண்டும் பயன்படாது. அதனால் பக்கிளை என்ன செய்யலாம் என்று சக டிரைவர்களும், வீட்டில் பெரியவர்களை வைத்துக்கொண்டு கார் வைத்திருப்பவர்களும் அடிக்கடி கேட்கிறார்கள். கடைகளில் இதற்கென்று பல சாமான்கள் விற்கிறார்கள். அவற்றில் சில நல்லவை, சில ஆபத்தானவை.

எந்த வழியையும் நான் ஒரே கேள்வியில்தான் எடைபோடுகிறேன். பூட்டி முடித்த பிறகு பக்கிள் உடம்பில் எந்த இடத்தில் நிற்கிறது? இடுப்பெலும்பின் பக்கவாட்டில், தொடை தொடங்கும் மட்டத்தில், தாழ்வாக நின்றால் சரி. அதைவிட மேலே ஏறினாலோ, வயிற்றின் முன்பக்கம் வந்தாலோ, எவ்வளவு வசதியாக இருந்தாலும் அந்த வழி வேண்டாம்.

இந்த இடம் சும்மா வந்து அமைந்ததில்லை. 1959இல் வோல்வோ கார்களில் வந்த மூன்று முனை பெல்ட்டை வடிவமைத்த நில்ஸ் போலின், அதற்கு முன் சாப் கம்பெனியில் போர் விமானிகளை ஆபத்தில் வெளியே தூக்கி எறியும் இருக்கைகளில் வேலை செய்தவர். தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட்டுகள் அவருக்கு முன்பே இருந்தன. ஆனால் அவற்றில் பக்கிள் வயிற்றின் மேல் வந்து உட்கார்ந்தது. போலின் அதை இடுப்புக்குப் பக்கத்தில் கீழே கொண்டுபோய் வைத்தார். தோள் நாடாவும் மடி நாடாவும் தரையைப் பார்த்த ஒரே முனையில் சந்தித்தன. ஒரே கையால் இழுத்து மாட்டலாம், மாட்டிய பிறகு அசையாது. வோல்வோ அந்தக் காப்புரிமையை வைத்துக் காசு பார்க்காமல் மற்றக் கம்பெனிகளும் எடுத்துக்கொள்ள விட்டது.

மோதலில் உடம்பு முன்னால் பாயும்போது அதைத் தாங்கிப் பிடிக்க வலுவான இடங்கள் இரண்டுதான்: கீழே இடுப்பெலும்பு, மேலே தோளும் விலாக்கூடும். மடி நாடா இடுப்பெலும்பை விட்டு மேலே ஏறினால் குடலும் கல்லீரலும் மண்ணீரலும் அந்த இழுப்பை வாங்கிக்கொள்ளும். இடுப்பும் அந்த நாடாவுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போய்விடும். பக்கிள் தாழ்வாக இருந்தால் மடி நாடா செங்குத்தாகக் கீழ்நோக்கி இழுக்கும், எலும்பை விட்டு விலகாது. முன்சீட்டில் பக்கிள் பக்கத்து நாடா கிடைமட்டத்திலிருந்து 45 முதல் 80 டிகிரிக்குள் சாய்ந்திருக்க வேண்டும் என்று ஐ.நா. வாகன விதி 14 சொல்வதற்குக் காரணம் இதுதான். ஆகக் கைக்கு எட்டுவதற்காகப் பக்கிளை உயர்த்தும் ஒவ்வொரு அங்குலமும் இந்தச் சாய்வைக் கெடுக்கிறது. கைக்கு எட்டவும் வேண்டும், தாழ்வாகவும் இருக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது இந்த இரண்டையும் ஒருசேர யார் தருகிறார்கள் என்பதைத்தான்.

முதலில் கம்பெனியிலிருந்து வரும் பக்கிள்களையே பார்ப்போம். பின்சீட்டில் மூன்று வகை வருகிறது. விறைப்பான தண்டில் நிமிர்ந்து நிற்பது ஒன்று. எஃகுக் கம்பிவடத்தின் மேல் பிளாஸ்டிக் உறை போட்டு, வளைத்தால் வளைந்து விட்டால் நிமிர்வது இன்னொன்று. வெறும் நாடாத் துண்டின் நுனியில் தொங்குவது மூன்றாவது.

விறைப்பான தண்டு வயசானவர்களுக்குச் சொர்க்கம். திரும்பிப் பார்க்காமலே நாக்கைக் கொண்டுபோய்ச் செருகலாம், மறு கை தேவையில்லை. ஆனால் பின்சீட்டில் மூன்று பேர் நெருக்கி உட்காரும்போது அது தொடையில் குத்தும். குத்துகிறதே என்று நடுவில் இருப்பவர் பக்கத்துப் பக்கிளின் மேலேயே உட்கார்ந்துவிடுவார். குழந்தை சீட் வைக்கிற வீட்டுக்கு இதில் இன்னொரு சிக்கல். தண்டு நீளமாக இருந்தால் பக்கிள் குழந்தை சீட்டின் பிளாஸ்டிக் விளிம்பின் மேல் படுத்துக்கொள்ளும். பெல்ட் இறுகும்போது பக்கிளின் நடுப்பகுதி அந்த விளிம்பில் மடங்கும். நேராக இழுக்கப்படத்தான் பக்கிள் செய்யப்பட்டிருக்கிறது, மடங்குவதற்கு அல்ல. அப்படி அமைந்தால் அந்த இடத்தில் அந்தக் குழந்தை சீட்டை வைக்கவே கூடாது. பக்கத்து இடத்துக்கு மாற்றிப் பார்க்க வேண்டும், அல்லது காரில் ஐசோஃபிக்ஸ் கொக்கி (பெல்ட் இல்லாமல் குழந்தை சீட்டை நேரே காரோடு மாட்டுவது) இருந்தால் அதற்குப் பொருந்தும் குழந்தை சீட்டை வாங்க வேண்டும்.

நாடாவில் தொங்கும் பக்கிள் குழந்தை சீட்டுக்கு ரொம்ப நல்லது. எந்தப் பக்கம் இழுத்தாலும் திரும்பிக்கொள்ளும், சீட்டை மடக்கினாலும் தடை இல்லை. பெரியவர்களுக்குத்தான் தலைவலி. சீட்டும் முதுகும் சேரும் இடுக்கில் விழுந்துவிடும். கையில் கிடைத்தாலும் ஒரு கையால் பக்கிளைப் பிடித்து மறு கையால் நாக்கைச் செருக வேண்டும். விரல் வீக்கத்தோடு ஓர் அம்மா இதைச் செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். இடது கையின் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் பக்கிளைச் சுற்றி மூடாது. அதை உள்ளங்கையால் சீட்டோடு அழுத்திப் பிடிப்பார். அது சாயும். நாக்கு பக்கிளின் வாய்க்குப் பக்கத்திலேயே உரசிக்கொண்டிருக்கும். நாலு முறை முயன்றுவிட்டு, "பரவால்லப்பா, மெதுவா போ" என்பார்.

கம்பிவடம் இரண்டுக்கும் நடுவில். நிமிர்ந்தும் நிற்கும், வேண்டும்போது சாய்ந்தும் கொடுக்கும். பின்சீட்டில் இதைக் குறைவாகத்தான் பார்க்கிறேன்.

என் மனசுக்குப் பிடித்தது வேறொன்று: குட்டையான நாடாவின் மேல் கெட்டியான பிளாஸ்டிக் உறை ஏற்றி, பக்கிளைச் சீட்டின் மட்டத்துக்குச் சற்று மேலே தானாக நிற்க வைத்திருப்பார்கள். சில கார்களின் பின்சீட்டில் இது வருகிறது. பிடிமானமும் இருக்கிறது, பக்கிள் தாழ்வாகவும் இருக்கிறது, குழந்தை சீட்டோடும் பெரும்பாலும் சண்டை போடுவதில்லை. அடுத்த கார் வாங்கப் போகும்போது ஷோரூமில் எல்லாரும் முன்சீட்டில் உட்கார்ந்து திரையைத் தடவிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் வீட்டில் வயசில் பெரியவரைக் கூட்டிப் போய்ப் பின்சீட்டில் உட்காரவைத்து, யாரும் உதவாமல் பெல்ட்டைப் பூட்டித் திறக்கச் சொல்லுங்கள். இரண்டு கார்களில் எது என்று தடுமாறும்போது இந்தச் சோதனையில் ஜெயிக்கிற காரை எடுக்கலாம் என்பது என் கருத்து. நடு இடத்தையும் விடாதீர்கள். அங்கே மூன்று முனை பெல்ட் இருக்கிறதா, வெறும் மடி பெல்ட்டா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

இருக்கிற காரில் இதை எப்படி மாற்றுவது? அதே மாடலின் வேறு வேரியண்டில் நல்ல பக்கிள் வந்திருந்து, அது உங்கள் வண்டிக்கும் பொருந்தும் என்று சர்வீஸ் சென்டரிலேயே உறுதி சொன்னால் மாற்றிக்கொள்ளலாம். அதைத் தாண்டி எதையும் செய்யாதீர்கள். தண்டை உயர்த்த இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் அடித்துத் தருகிறேன் என்று சொல்லும் பட்டறைகள் இருக்கின்றன. பெல்ட்டைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட் பெரும்பாலான கார்களில் 7/16 அங்குல நுண்புரி போல்ட். பட்டறை டப்பாவில் கிடக்கும் மெட்ரிக் போல்ட்டை அதில் முறுக்கி ஏற்றினால் ஏறுவது போல ஏறும், புரியை அரைத்துவிடும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. மோதலில் பெல்ட்டின் மேல் வரும் இழுப்பு டன் கணக்கில் இருக்கும் என்பதை நினைத்துக்கொண்டால் அந்தப் பட்டறைப் பக்கமே போக மாட்டீர்கள்.

செலவே இல்லாத வழிகள் மூன்று உண்டு. மற்ற எல்லாவற்றையும் விட இவை எனக்கு நிறைய உதவியிருக்கின்றன.

ஒன்று, சீட் கவர். பெரும்பாலான வண்டிகளில் பக்கிள் புதைந்து போவதற்குக் காரணம் கம்பெனி இல்லை, நாம் போடும் கவர். கவர் தைப்பவர் பக்கிளுக்கு விடும் வாய் சின்னதாக இருக்கும், அல்லது இடம் தவறி இருக்கும். பக்கிள் அடியிலேயே மாட்டிக்கொள்ளும். தைக்கக் கொடுக்கும்போதே, பின்சீட்டின் எல்லாப் பக்கிளும் தனித்தனி வாய் வழியாக வெளியே வர வேண்டும் என்று சொல்லி, வாங்கும்போது ஒவ்வொன்றாகப் பூட்டிப் பாருங்கள். ஏற்கெனவே போட்ட கவர் என்றால் அதே கடையில் பிரித்து ஓரம் அடித்துத் தருவார்கள்.

இரண்டு, யாரை எந்தப் பக்கம் உட்காரவைப்பது. இடது பக்கப் பின்சீட்டில் நாடா இடது தோளிலிருந்து வரும், பக்கிள் வலது இடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும். வலது கை வேலை செய்தால் போதும். வலது பக்கச் சீட்டில் இது தலைகீழ். பக்கவாதத்தில் வலது கை விழுந்தவரை வலது பக்கச் சீட்டில் உட்காரவைத்தால் இடது கையாலேயே நாடாவை இழுத்து இடது இடுப்பில் பூட்டிக்கொள்வார். இடது தோள் இறுகிப் போனவரை இடது பக்கம் உட்காரவைக்கலாம். ஏறும்போது எந்தக் கதவு அருகில் இருக்கிறது என்பதைப் பார்க்காமல் எந்தக் கை நன்றாக இருக்கிறது என்று கேட்டாலே பாதிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும். வலது கதவைச் சாலைப் பக்கம் திறக்க வேண்டியிருக்கும் என்பதால் வண்டியை ஓரம்கட்டி, நானே இறங்கிப் போய்த் திறந்துவிடுவேன்.

மூன்று, ஆள் உட்காருவதற்கு முன்பே பக்கிளை வெளியே எடுத்து நிமிர்த்தி வைப்பது. உட்கார்ந்த பிறகு புடவைக் கொசுவத்துக்கும் சீட்டுக்கும் நடுவில் தேடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

இதோடு தோள் உயரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். முன்சீட்டின் பக்கத்துத் தூணில் நாடா வரும் வளையத்தை மேலே கீழே நகர்த்தும் வசதி பல கார்களில் உண்டு. நாடா கழுத்தை அறுக்காமல், தோள் நுனியிலிருந்து நழுவாமல், காறையெலும்பின் நடுவில் படும்படி வைக்க வேண்டும். கழுத்தில் உரசுகிறது என்று தோள் நாடாவைக் கக்கத்துக்கு அடியில் விட்டுக்கொள்பவர்களை இது நிறுத்தும். பின்சீட்டில் இந்த வசதி அநேகமாக இருப்பதில்லை. அதனால் குள்ளமானவர்களுக்கு முன்சீட்டே நல்லது என்று சில வண்டிகளில் தோன்றும்.

இனி எக்ஸ்டெண்டர். கேள்விகளில் முக்கால்வாசி இதைப் பற்றித்தான். ஒரு பக்கம் நாக்கு, மறு பக்கம் பக்கிள், நடுவில் ஒரு சாண் நாடா. இருக்கிற பக்கிளில் அதன் நாக்கைச் செருகிவிட்டால் பக்கிள் கைக்கு அருகில் வந்துவிடும். இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பார்த்த உடனே, இதுதானே நமக்கு வேண்டியது என்று தோன்றும்.

எக்ஸ்டெண்டர் ஒரே ஓர் ஆளுக்காகச் செய்யப்பட்டது: பெல்ட்டை முழுதும் இழுத்தும் பக்கிள் வரை எட்டாத, உடல் பருத்தவருக்காக. அவருக்கு அது தேவைதான். பெல்ட்டே போடாமல் போவதைவிட, சரியான எக்ஸ்டெண்டரோடு போடுவது மேல். சரியான என்றால், உங்கள் கார் கம்பெனியே அந்த மாடலுக்கென்று கொடுப்பது, தேவைப்படும் நீளத்தில் மிகக் குட்டையானது. பூட்டிய பிறகு எக்ஸ்டெண்டரின் பக்கிள் இடுப்பின் பக்கவாட்டிலேயே நிற்க வேண்டும். வயிற்றின் முன்னால் வந்தால் நீளம் அதிகம் என்று பொருள். அப்படி வந்தால், போலின் வயிற்றிலிருந்து எடுத்துப் போட்ட பக்கிளை நாம் திரும்பவும் வயிற்றின் மேல் கொண்டுவந்து வைக்கிறோம்.

பெல்ட் எட்டுகிற ஒருவருக்கு, குனிய முடியவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் எக்ஸ்டெண்டர் போடுவது தவறான தேர்வு. ஒல்லியான பாட்டிக்கு அதைப் போட்டால் பக்கிள் அவர் வயிற்றின் நடுவுக்கே வந்துவிடும். பாட்டிக்கு நாம் பூட்டிவிடலாம், சீட்டை மாற்றி உட்காரவைக்கலாம், தண்டு நிமிர்ந்த இடமாகப் பார்த்துக் கொடுக்கலாம். எல்லாம் இதைவிடப் பத்திரம்.

கர்ப்பிணிகளுக்கும் பெரும்பாலும் தேவைப்படாது. இன்றைய பெல்ட்டில் நாடா போதிய நீளம் இருக்கிறது. மடி நாடா வயிற்றுக்குக் கீழே தொடையோடு ஒட்டி இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். தோள் நாடா மார்புகளுக்கு நடுவே வந்து வயிற்றின் ஓரமாக இறங்க வேண்டும். ஏழு மாதம், எட்டு மாதம் ஆனவர்கள் மடி நாடாவை வயிற்றின் மேல் விட்டுக்கொள்வதைப் பார்த்தால் நான் வண்டியை எடுக்காமல், கூட வந்த அம்மாவிடமோ அத்தையிடமோ சொல்லிச் சரிசெய்யச் சொல்வேன்.

எக்ஸ்டெண்டரில் இன்னும் இரண்டு அபாயங்கள் உண்டு. அதை மாட்டி அப்படியே விட்டுவிட்டால் கார் எல்லாரும் பெல்ட் போட்டிருப்பதாக நினைத்துக்கொள்ளும். எச்சரிக்கை மணி அடிக்காது, அடுத்து ஏறுபவர் பெல்ட் இல்லாமலே வருவார். அப்புறம், நாக்கின் அகலமும் தடிமனும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று அச்சடித்து விற்பது க்ளிக் என்று சத்தம் போட்டும் அரைகுறையாகப் பூட்டி நிற்கலாம். நம் ஊர்ப் பக்கம் ஒரு கடையில் எனக்குக் கொடுத்த எக்ஸ்டெண்டர் அப்படித்தான். பூட்டிய பிறகு நாடாவைச் சுண்டி இழுத்தால் மூன்றில் ஒரு தடவை கழன்றது. எந்த பெல்ட்டையும் பூட்டியதும் ஒரு முறை சுண்டி இழுத்துப் பார்க்கும் பழக்கத்தைப் பயணிகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். குழந்தை சீட்டைப் பிடிக்க எக்ஸ்டெண்டரை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

நாடாவைத் தளர்த்திப் பிடிக்கும் கிளிப்புகள் என்று சில விற்கின்றன. பெல்ட் இறுக்காமல் இருக்க இரண்டு அங்குலம் தொய்வு வைத்துக்கொள்ளலாமாம். வேண்டாம். தொய்வு இருந்தால் நாடா பிடிக்கும் முன் உடம்பு அந்தத் தூரம் வேகம் பிடித்துவிடும். பெல்ட் போடாமலே மணியை நிறுத்த வெறும் நாக்கை மட்டும் செருகும் கிளிப்புகளைப் பற்றிப் பேசவே எனக்கு மனம் வரவில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023இல் ஐந்து இணைய விற்பனைத் தளங்களுக்கு உத்தரவு போட்டு, இந்தக் கிளிப்புகளின் 13,118 விற்பனைப் பட்டியல்களை நீக்கவைத்தது. பந்தயக் கார் மாதிரி நாலு முனை பெல்ட் போடலாமா என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. அதற்கான இருக்கையும் தலைக்கவசமும் சட்டகமும் சேர்ந்தால்தான் அது பாதுகாப்பு. குடும்பக் காரில் அதற்கு இடமில்லை.

பழைய வேன்களிலும் சில கார்களின் நடு இடத்திலும் வரும் மடி பெல்ட்டில் நீளத்தை நாமேதான் சரிசெய்ய வேண்டும். நாக்கை நாடாவுக்குச் செங்குத்தாகத் திருப்பினால் நாடா நழுவி நீளும். பூட்டிவிட்டு, தொங்கும் நுனியைப் பிடித்து இழுத்தால் இறுகும். இது தெரியாமல் முன்பு உட்கார்ந்தவரின் அளவிலேயே பூட்டிக்கொண்டு தொளதொளவென்று வருகிறார்கள். இறுக்கிய பிறகு நாடாவுக்கும் இடுப்புக்கும் நடுவே உள்ளங்கை தட்டையாக நுழையலாம், முஷ்டி நுழையக் கூடாது. தோள் நாடா இல்லாததால் இந்த இடத்தைக் கடைசியாகத்தான் நிரப்ப வேண்டும்.

பணம் தடையில்லாதவர்களுக்குப் பக்கிளே எழுந்து வரும் காரும் இருக்கிறது. மெர்சிடிஸ் பென்ஸ் 2012இல் அறிவித்த ஏற்பாட்டில், பின்கதவைத் திறந்ததும் ஒரு மின்மோட்டார் பக்கிளைச் சுமார் 70 மில்லிமீட்டர் உயர்த்தித் தரும். பக்கிளில் விளக்கும் எரியும். நாக்கைச் செருகியதும் கீழே இறங்கி, மடியில் உள்ள தொய்வையும் இழுத்துக்கொள்ளும். பூட்டும்போது உயரம், பூட்டிய பிறகு தாழ்வு. நான் தேடிக்கொண்டிருந்த இரண்டும் இதில் இருக்கின்றன. நம் ஊர் விலைக்கு இந்த யோசனை என்றாவது வர வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன். மோட்டார்கூட வேண்டாம், கதவு திறந்தால் பக்கிளின் மேல் ஒரு சின்ன விளக்கு எரிந்தாலே விடியற்காலை 4 மணிக்கு ஏறுகிறவர்களுக்குப் பெரிய உதவி.

திறப்பதும் பூட்டுவதைப் போலவே முக்கியம். ஐ.நா. விதி 16இன்படி பட்டன் சிவப்பாக இருக்க வேண்டும், ஒரு கையால் ஒரே அசைவில் திறக்க வேண்டும், மோதல் சோதனைக்குப் பிறகும் 60 நியூட்டனுக்கு மேல், அதாவது சுமார் ஆறு கிலோ எடைக்கு மேல், அழுத்த வேண்டி வரக் கூடாது. 5,000 முறை பூட்டித் திறக்கும் சோதனையும் உண்டு. விரல் நோவு உள்ளவர்களுக்குக் குழிந்த சின்னப் பட்டனைவிட அகலமான, மேல்பரப்போடு சமமாக வரும் பட்டன் நல்லது. கட்டைவிரலுக்குப் பலம் இல்லாவிட்டால் நடுவிரல் முட்டியால் அழுத்தலாம். அதற்குப் பட்டன் இடம் கொடுக்கிறதா என்று பாருங்கள்.

வெயிலில் நிற்கும் வண்டி என்றால் பட்டனின் பிளாஸ்டிக்கையும் கவனிக்க வேண்டும். 1995இல் அமெரிக்காவில் டகாட்டா கம்பெனியின் பக்கிள்கள் பொருத்திய 80 லட்சத்துக்கும் அதிகமான கார்களைத் திரும்ப அழைத்தார்கள். சூரிய ஒளியில் பட்டனின் பிளாஸ்டிக் நொறுங்கி, துணுக்குகள் உள்ளே விழுந்து, பூட்டு சரியாக விழாமலும் திறக்காமலும் போனதுதான் காரணம். நம் வெயிலுக்குச் சொல்லவே வேண்டாம். சிவப்பு வெளுத்து, ஓரத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. தேவனாம்பட்டினம் கடற்கரையிலிருந்து திரும்பும் பிள்ளைகளின் பையிலிருந்து கொட்டும் மணலும், வழியில் தின்ற முறுக்குத் தூளும் பக்கிளின் வாய்க்குள்தான் போகும். க்ளிக் சத்தம் மந்தமாகிவிட்டால், பட்டன் அழுத்தியபின் மெதுவாக எழுந்தால், டார்ச் அடித்துப் பார்த்து வேக்குவம் வைத்து உறிஞ்சி எடுங்கள். எண்ணெய் விடாதீர்கள். அது இன்னும் தூசியைச் சேர்த்துப் பிசினாக்கும்.

வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு இந்தச் சுத்தம் போதாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோதும், அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருக்கெடுத்தபோதும், இந்தப் பக்கம் எத்தனையோ கார்கள் சீட் மட்டம் வரை சேற்றுத் தண்ணீரில் நின்றன. அவற்றில் பல கழுவித் துடைத்துப் பழைய வண்டிச் சந்தைக்கு வந்துவிட்டன. பழைய கார் வாங்கப் போகிறீர்கள் என்றால் பின்சீட்டின் மெத்தையைத் தூக்கச் சொல்லி, பக்கிள் நாடாவின் அடியைப் பாருங்கள். போல்ட்டைச் சுற்றிக் காவி நிறத் துரு, நாடாத் தையலில் காய்ந்த வண்டல், பக்கிள் ஓரத்தில் மண் கோடு, இவற்றில் ஒன்று இருந்தாலும் எல்லா பெல்ட்டையும் பக்கிளையும் புதிதாகப் போடும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் அந்த வண்டியை விட்டுவிடலாம்.

முன்சீட்டின் பக்கிள் இன்னும் கவனமான விஷயம். சில கார்களில் பக்கிளுக்கு அடியிலேயே வெடிமருந்தால் இயங்கும் இறுக்கி இருக்கும். மோதலின்போது பக்கிளைக் கீழே இழுத்துவிடும். சீட்டுக்கு அடியில் அதற்கான மஞ்சள் ஒயர் கனெக்டர் தெரிந்தால் அதை வெளியே கொடுத்துக் கழற்ற வேண்டாம். பழைய காரில் ஒரு முன்சீட்டின் பக்கிள் மற்றதைவிட இரண்டு மூன்று அங்குலம் தாழ்ந்து, அதன் ரப்பர் உறை சுருங்கிக் கிடந்தால் அந்த வண்டி ஒரு பெரிய மோதலைப் பார்த்திருக்கிறது.

புதுப் பக்கிள் ஆர்டர் செய்யும்போது சேஸிஸ் நம்பரைக் கொடுத்து, இடதா வலதா நடுவா என்று தெளிவாகச் சொல்லுங்கள். பல கார்களில் நடு பெல்ட்டின் நாக்கும் ஓர பெல்ட்டின் நாக்கும் மாறிப் புகாதபடி வேறு வேறு அளவில் இருக்கும். தவறான பக்கிள் வந்தால் பாதி வழியில் நின்றுவிடும். டிரான்ஸ்பேரன்ட் கவரில் பெயரில்லாமல் வருவதை வாங்காதீர்கள். பொருத்திய பிறகு, இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கினார்களா என்று கேட்டு, அங்கேயே ஒவ்வொரு பெல்ட்டையும் பூட்டிச் சுண்டிப் பாருங்கள். கழற்றிய பழைய பக்கிளை அங்கேயே விட்டுவராமல் கேட்டு வாங்கி, நாடாவைக் கத்திரியால் குறுக்கே வெட்டிவிட்டுப் போடுங்கள். வெட்டாமல் போட்டால் காயலான் கடை வழியாக அது இன்னொரு குடும்பத்தின் வண்டியில் ஏறிவிடும்.